ஆவாரங்கன்று வாங்க நம்பிப் போகலாம்: இண்டூர்ச் சாலை நாற்றுப்பண்ணை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், இண்டூரைத் தாண்டிச் சிறிது தொலைவில் பிரியும் ஒரு மண்பாதையின் உள்ளே, நம் வறண்ட நிலத்துக்கே உரிய செடிகளை மட்டும் விதையிலிருந்து வளர்த்து விற்கும் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள், மழைக்காலத்தில் மட்டும் உதவிக்கு ஊர்ப்பெண்கள் சிலர் வருகிறார்கள். அங்கே வாங்கிய ஆவாரங்கன்றுகளும், பொட்டலமாக வாங்கி நானே முளைக்கவைத்த விதைகளும் இந்த மாவட்டத்தின் கோடையையும் ஐப்பசி மழையையும் பார்த்து நின்றுவிட்டதால், அந்த இடத்தைப் பற்றி விரிவாக எழுதலாம் என்ற துணிவு வந்திருக்கிறது.

ஆவாரையைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்காதவர்களே இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஏரிக்கரையிலும் தரிசிலும் சாலையோரச் சரளை மண்ணிலும் யாரும் விதைக்காமல், யாரும் நீரூற்றாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி இது. பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்துக் கட்டாத வீடு நம் பக்கத்துக் கிராமங்களில் அரிது. ஆனால் அந்தப் பூவைப் பறிக்கப் போகும் தூரம் கூடிக்கொண்டே போகிறது என்பதை இதே வழக்கம் உள்ளவர்கள் எல்லோரும் அறிவார்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வழித்தெடுக்கப்படுவது ஓரத்துப் புதர்தான். தரிசு மனையாகும்போது முதலில் எரிக்கப்படுவதும் அதுவே. பூ ஒடிக்கப் போனவர்கள் கொத்தோடு நிறுத்தாமல் கிளையையே முறித்துக்கொண்டு வருவதும் நடக்கிறது. சரி, அந்தப் புதரிலிருந்தே ஒரு கன்றைத் தோண்டி வந்து வீட்டில் வைத்தால் என்ன என்றால், அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆவாரையின் உயிர் அதன் ஆணிவேரில் இருக்கிறது. முழங்கால் உயரச் செடிக்குக்கூட ஆணிவேர் சரளைக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். மண்வெட்டி அதை நடுவில் துண்டித்துவிட்டால், மேலே எவ்வளவு இலை இருந்தாலும் பயனில்லை. ஆகவே இந்தச் செடியை வளர்க்க விரும்புவோருக்கு இரண்டே வழிகள்: விதையை நட வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது, அல்லது வேரைக் கெடுக்காமல் வளர்த்த கன்றை வாங்குவது. இரண்டாவது வழி எவ்வளவு பயன்தரும் என்பது முழுக்க முழுக்க நாற்றுப்பண்ணையின் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பண்ணையை நான் மெச்சுவதற்கு முதல் காரணம் அவர்கள் பயன்படுத்தும் பை. வழக்கமாக மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் போடும் குட்டையான பையை ஆவாரைக்கு அவர்கள் பயன்படுத்துவதில்லை. அகலம் குறைந்து, ஒரு சாணுக்கும் மேல் ஆழமுள்ள குழாய் போன்ற பையில்தான் விதையை ஊன்றுகிறார்கள். அடியில் பெரிய துளைகள் இருக்கின்றன. பைகளைத் தரையில் வைக்காமல், செங்கல்மேல் கிடத்திய கம்பிச் சட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். துளைவழியே வெளியே வரும் வேர்நுனி காற்றில் காய்ந்து தானாக நின்றுவிட, உள்ளே பக்கவேர்கள் பெருகுகின்றன. தரையில் வைத்த பையாக இருந்தால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், கன்றைத் தூக்கும்போது அறுந்துபோகும். குட்டைப் பையாக இருந்தால் ஆணிவேர் அடியில் முட்டி வட்டமாகச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேர் நிலத்தில் வைத்த பிறகும் நேராவதில்லை, முதல் கோடையிலேயே செடி சாய்ந்து காய்ந்துவிடும்.

கன்றுகளில் உயரமானவற்றை நான் தேடிக்கொண்டிருந்தபோது, பண்ணையை நடத்தும் அம்மா ஒரு பையை எடுத்து, பக்கவாட்டில் பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறிப் பிரித்துக் காட்டினார். செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்த கலவையில், வெளிர்பழுப்பு நிறத்தில் ஆணிவேர் ஒரே கோடாக அடிவரை இறங்கியிருந்தது. அதிலிருந்து நூல்நூலாகப் பக்கவேர்கள் பிரிந்து மண்ணைப் பிடித்திருந்தன. சுருள் எங்கும் இல்லை. மேலே செடி என் கைவிரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். "இலையைப் பார்த்து வாங்காதீங்க சார், வேரைப் பாருங்க. ஒசரமா இருக்கற கன்னு எல்லாம் பையில அதிக நாள் கெடந்த கன்னு" என்றார். வாங்க வந்தவரிடம் சின்னக் கன்றையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம், வெயில். ஓசூர்ப் பக்கத்தில் ரோஜாவும் மற்ற கொய்மலர்களும் பசுமைக்குடிலிலும் நிழல்வலைக்கு அடியிலும் வளர்க்கப்படுகின்றன. அந்தப் பயிர்களுக்கும் அந்த உயரமான, குளிர்ந்த ஊருக்கும் அது பொருத்தமான முறை. அதே பழக்கத்தில் நம் காட்டுச்செடிகளையும் வலைக்கு அடியில் தளதளவென்று வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வளர்ந்த ஆவாரை பார்வைக்கு அழகாக இருக்கும். தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் அகன்று வெளிர்பச்சையாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து வைத்ததும் சுருண்டுவிடும். இண்டூர்ச் சாலைப் பண்ணையில், முளைத்து நான்கைந்து இலைகள் விடும்வரை மட்டும் தென்னங்கீற்று நிழல் தருகிறார்கள். அதன்பிறகு கன்றுகள் திறந்தவெளிக்கு வந்துவிடுகின்றன. விற்பனைக்கு முந்திய வாரங்களில் நீரூற்றுவதையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். எனவே அங்கே விற்கும் கன்று குட்டையாகவும் தண்டு தடித்தும் இலை சிறுத்தும், முதற்பார்வைக்குச் சற்று வாடலாகவும் தெரியும். வறட்சியைத் தாங்கும் செடியை வறட்சிக்குப் பழக்கித் தருவதைவிட ஒரு நாற்றுப்பண்ணை செய்ய வேண்டிய பெரிய வேலை எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வாங்குவது ஆவாரைதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு ஊரில் ஒரு விற்பனையாளரிடம் ஆவாரை என்று கேட்டு வாங்கிய கன்று வளர்ந்து பூத்தபோது, அது சீமை அகத்தியாக இருந்தது. அதுவும் மஞ்சள் பூதான், அதே இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. பூக்கும்வரை காத்திருக்காமல் கன்றிலேயே அடையாளம் காண முடியும். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் வடிவில் அகன்ற இலையடிச்செதில்கள் இரண்டு ஒட்டியிருக்கும். இலை வளர்ந்த பிறகும் அவை உதிராமல் நிற்கும். ஓர் இலையில் பொதுவாக 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவே மெல்லிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். இண்டூர்ப் பண்ணையில் வாங்கிய கன்றுகள் அனைத்திலும் இந்த அடையாளங்கள் இருந்தன. விதையைச் சுற்றுவட்டாரத்துப் புதர்களிலிருந்தே திரட்டுகிறார்கள். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பல இடங்களில் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலப்பதாகவும், செடியில் பாதி நெற்றுகளையாவது விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார்கள். ஆண்டு மழை 800 முதல் 900 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும் இந்த மாவட்டத்தில், இங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த செடியின் விதைக்குத் தனி மதிப்பு உண்டு.

விதைப்பொட்டலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆவாரை விதை முளைப்பதில்லை என்று குறைப்படுபவர்கள் பலர். முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, விதையை வண்டு குடைந்திருக்கும். தட்டையான, காகிதம்போல் மெலிந்த வெளிர்பழுப்பு நெற்றை உரித்துப் பார்த்தால், சில விதைகளில் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு வட்டத்துளை தெரியும். அந்த விதையின் உள்ளே பருப்பு இருக்காது. இப்பண்ணையில் வாங்கிய பொட்டலத்தை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தேன். துளை விழுந்தவை வெகு சிலவே. முறத்தில் புடைத்து, பிறகு கையால் பொறுக்கிய விதைகள் என்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது காரணம், விதையின் தோல். நீர் உள்ளே புகமுடியாதபடி அது கெட்டியாக இருக்கும். கோடையில் வரும் ஒரே ஒரு மழையை நம்பி எல்லா விதைகளும் முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் எல்லாமே கருகிவிடும். ஆகவே சில விதைகள் இந்த ஆண்டும் சில அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும்படி செடி தன் சந்ததியைக் காத்துக்கொள்கிறது. காட்டுக்கு இது நல்லது. தோட்டத்தில் வளர்ப்பவர் அந்தத் தோலைத் தானே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

பொட்டலத்தோடு தரும் துண்டுத்தாளில் இதற்கான முறையைத் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கியதும் விதைமேல் ஊற்றி, அப்படியே இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் ஏறத்தாழ இருமடங்காகப் பருத்திருக்கும்; அவற்றை உடனே ஊன்றிவிடலாம். பருக்காமல் பழையபடியே கிடப்பவற்றைத் தனியே எடுத்து, உப்புத்தாளில் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லத் தேய்த்து மறுபடியும் ஊறவைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும் என்ற எச்சரிக்கையும் தாளில் இருக்கிறது. இந்த முறையில் ஊன்றிய என் விதைகள் ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்தன. முளைக்காமல் போனவை குறைவு. அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் ஊன்ற வேண்டாம் என்று எழுதியிருப்பதையும் அப்படியே பின்பற்றுவது நல்லது.

நடவு பற்றி அவர்கள் சொன்ன அறிவுரைகள் சுருக்கமானவை. பின்பற்றியதில் அனைத்தும் சரியாகவே இருந்தன. ஆடிக்கும் புரட்டாசிக்கும் இடையில், நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்த பிறகு நட வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியும் வடகிழக்குப் பருவமும் அடுத்தடுத்துக் கிடைக்கும் நம் மாவட்டங்களுக்கு இது பொருத்தமான காலம். நாள் முழுவதும் வெயில் படும் மேட்டு நிலமே வேண்டும். நீர் தேங்கும் பள்ளமும் மரநிழலும் ஆகாது. குழியில் எருவைக் கொட்ட வேண்டியதில்லை. என் நிலம் சரளை கலந்த செம்மண். குழியிலிருந்து எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மிதித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அன்பு மிகுதியால் தொழுவுரமும் யூரியாவும் வைத்து வளர்த்த ஆவாரை, ஆள் உயரத்துக்குத் தழைத்தும் பூவே வைக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நட்ட முதல் கோடையில் வாரம் ஒருமுறை, வேர்ப்பகுதி நன்றாக நனையும்படி நீர் கொடுக்கச் சொன்னார்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதைக் கண்டிப்பாக வேண்டாம் என்றார்கள், ஏனெனில் மேல்மண் மட்டும் ஈரமானால் வேர் மேலேயே தங்கிவிடும். கடும் கோடையில் கன்றுகள் இலைகளில் ஒரு பகுதியை உதிர்த்தன. அது சாவதற்கான அறிகுறி அன்று; நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி. முதல் மழைக்குப் பின் மீண்டும் துளிர்த்துவிட்டன. அந்த முதல் கோடைக்குப் பிறகு நான் நீரே ஊற்றுவதில்லை.

கவாத்து பற்றியும் கேட்டேன். பொங்கல் பூப்பு அடங்கிய பிறகு, விதைக்குத் தேவையான நெற்றுகளை விட்டுவிட்டு, செடியின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடச் சொன்னார்கள். வெட்டாமல் விட்டால் அடிப்பகுதி மொட்டையாகி, உச்சியில் மட்டும் பூ வைக்கும். வெட்டுக்கு ஆவாரை அஞ்சுவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம் பட்டைதான் முதன்மையான சரக்கு. பிற்காலத்தில்தான் வாட்டில் என்ற மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. பட்டைக்காகத் தூரோடு வெட்டிய புதர்கள் அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்த்து வந்ததை இந்தப் பக்கத்து முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். வெட்டிய தழையையும் வீணாக்க வேண்டாம். நெல்வயலுக்குத் தழையுரமாகப் போடுவது நம் பகுதியின் பழைய வழக்கம்.

பூச்சிமருந்து தெளிப்பதில்லை என்ற அவர்களுடைய முடிவை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். அங்கே விற்கும் கன்றுகள் சிலவற்றில் இலை ஓரங்கள் கடிபட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு கன்று கேட்பவர்களும் உண்டு. கடித்தது மஞ்சள், வெளிர்ப்பச்சை நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழு. அந்தப் பூச்சிகள் முட்டையிட நாடும் செடிகளில் ஆவாரையும் ஒன்று. இரண்டு இலை போனால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. பூவில் நடப்பதோ இன்னும் வியப்பானது. ஆவாரம்பூவில் வண்டுக்குக் கிடைப்பது தேன் அன்று, மகரந்தம். அந்த மகரந்தமும் மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும், பையின் நுனியிலுள்ள சிறு துளைவழியேதான் வெளியே வரும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசைகளை அதிரவைத்து அந்த மகரந்தத்தை உதறி எடுக்கும். சாதாரணத் தேனீக்கு இப்படி அதிரவைக்கும் திறன் கிடையாது. காலை வேளையில் செடியருகே நின்றால், வண்டு பறக்கும்போது எழும் ஓசை ஒன்றாகவும், பூவில் உட்கார்ந்ததும் எழும் கீச்சென்ற அதிர்வு வேறாகவும் தெளிவாகக் கேட்கும். மருந்து தெளித்த தோட்டத்தில் அந்த ஓசை இருக்காது. ஓசை இல்லையென்றால் நெற்றும் குறைந்துவிடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். துண்டுத்தாளில், ஆவாரை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பம் சரி, மற்றது தவறு. ஆவாரை சேர்ந்த சென்னா இனச் செடிகளின் வேரில் அத்தகைய முடிச்சுகள் உண்டாவதில்லை. பண்ணையில் பிரித்துக் காட்டிய வேரிலும் முடிச்சு இல்லை. மண்ணுக்குக் கிடைப்பது உதிரும் தழையால் வரும் நன்மைதான். தாவரப்பெயரையும் கேசியா என்ற பழைய பெயரில் அச்சிட்டிருக்கிறார்கள். சென்னா ஆரிகுலேட்டா என்பதே இப்போதைய வழக்கு. இவற்றை எடுத்துச் சொன்னபோது அடுத்த அச்சில் திருத்துவதாக ஏற்றுக்கொண்டார்கள்.

நுழைவில் மாட்டியிருக்கும் அட்டை இன்னும் கவலை தருகிறது. ஆவாரம்பூ சர்க்கரை நோயை அடியோடு நீக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை நானும் சொல்லி வளர்ந்தவன்தான். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயத்துக்கு இருக்கும் இடத்தை மதிக்கிறேன். ஆவாரம்பூவைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பது என் வீட்டில் வழக்கம். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் ஓர் அட்டையை நம்பி அதை நிறுத்திவிட்டால் விளைவு மோசமாகும். மருந்தோடு சேர்த்துக் கஷாயம் குடித்தாலும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம் என்று அந்த அட்டையிலேயே எழுத வேண்டும். செடி வளர்ப்பில் இவ்வளவு கவனம் உள்ளவர்களுக்கு அது கடினமான வேலை அன்று.

மாடித்தோட்டக்காரர்களுக்கு அங்கே போதிய வழிகாட்டல் இல்லை. தொட்டியிலும் வளரும் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வளரும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றரை அடியாவது ஆழமுள்ள தொட்டி வேண்டும், மண்கலவையில் பாதிக்குப் பாதி மணலோ சரளையோ இருக்க வேண்டும், நிலத்துச் செடியைப்போல முழுக்க மழையை நம்பி விட்டுவிட முடியாது என்பதையெல்லாம் வாங்கும்போதே சொல்லிவிட்டால் பலருடைய கன்றுகள் பிழைக்கும். பொட்டலங்களில் விதை திரட்டிய மாதத்தைக் குறிப்பதில்லை, அதையும் குறிக்கலாம்.

விலையில் குறைசொல்ல இடமில்லை. கன்று 25 ரூபாய், விதைப்பொட்டலம் 30 ரூபாய். நிறைய வாங்குபவர்களுக்குச் சற்றுக் குறைத்துத் தருகிறார்கள். வாழ்வேலி அமைப்பவர்கள் மூன்று அடிக்கு ஒரு கன்று போதும் என்பதையும் சொல்லி, தேவைக்கு மேல் வாங்கவிடாமல் தடுக்கிறார்கள். மாடுகள் பெரும்பாலும் ஆவாரையை மேய்வதில்லை என்பதால் வேலிக்கு இது நல்ல தேர்வு. ஆவாரையைத் தவிரச் சிறுபூளை, வெள்ளெருக்கு, செங்காந்தள் கிழங்கு ஆகியவையும் கிடைக்கின்றன. செங்காந்தள் கிழங்கு கடும் நஞ்சு என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியே கொடுக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டார் அதைக் கருத்தில் கொண்டு வாங்க வேண்டும்.

ஆவணி தொடங்கிவிட்டால் நல்ல கன்றுகள் தீர்ந்துவிடுகின்றன. ஆனி கடைசியிலேயே சொல்லிவைப்பது நல்லது. கூரியரில் அனுப்புவதில்லை, நேரில்தான் வாங்க முடியும். காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து இருசக்கர வண்டியில் போகிறவர்கள் அடி தட்டையான கூடையோ பழப்பெட்டியோ எடுத்துச் செல்லட்டும். பை ஆழமாக இருப்பதால் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் மண்கட்டி உடைந்து வேர் விட்டுப்போகும்.